புல்லைக் கருக்கும் வேலை நுரையீரலிலும் நடக்கிறது

தென்னந்தோப்பிலோ வரப்பிலோ காலை பத்து மணிக்குப் பாராகுவாட் அடித்தால், நல்ல வெயிலாக இருந்தால் மாலைக்குள் புல் வெந்நீர் ஊற்றியது போலத் துவண்டு விடுகிறது. மறுநாள் பழுப்பு, மூன்றாம் நாள் சருகு. களை எடுக்க ஆள் கிடைக்காத இந்தக் காலத்தில் இந்த வேகத்துக்காகவே பலர் இதை வாங்குகிறார்கள். பாராகுவாட் டைகுளோரைடு 24 சதவீதம் என்று கேனில் அச்சிட்டிருக்கும். கம்பெனிப் பெயர்கள்தான் வேறு வேறு, உள்ளே இருப்பது ஒன்றே.

புல் இவ்வளவு வேகமாகக் கருகுவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் மனித நுரையீரலின் உட்படலத்தையும் புண்ணாக்குகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆய்வுகள் இதைப் படிப்படியாகத் தெளிவுபடுத்தியிருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால், மருந்து மேலே பட்டால் என்ன செய்ய வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஏன் உடனே ஓட வேண்டும், இந்த மருந்து நம் தோட்டத்துக்குத் தேவைதானா என்ற மூன்று கேள்விகளுக்கும் நீங்களே விடை சொல்லிக்கொள்ளலாம்.

இலைக்குள் நடப்பது

இலையின் பச்சையம் சூரிய ஒளியைப் பிடித்து, எலக்ட்ரான்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாற்றி, கடைசியில் மாவுச்சத்தாகச் சேமிக்கிறது. பாராகுவாட் இந்த ஓட்டத்தின் நடுவில் புகுந்து ஒரு எலக்ட்ரானைப் பறித்துக்கொள்கிறது. பறித்ததை அருகில் இருக்கும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து அடுத்ததைப் பறிக்கிறது. இதில் பாராகுவாட் தீர்ந்துபோவதில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப இந்த வேலையைச் செய்கிறது.

கூடுதல் எலக்ட்ரான் ஏறிய ஆக்சிஜன் சும்மா இருக்காது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் அதைவிடத் தீவிரமான வேறு பொருள்களும் உண்டாகி, செல்லைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வைத் தாக்குகின்றன. சவ்வு கிழிந்ததும் உள்ளிருக்கும் நீர் கசிந்து வெளியேறுகிறது. இலை வெந்தது போலத் தெரிவது இதனால்தான்.

அனுபவத்தில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாலையில் அடித்தால் இரவு முழுவதும் புல் பச்சையாகவே நிற்கும். மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் கருகத் தொடங்கும். மேகமூட்டமான நாளில் வேகம் குறைவு. இன்னொன்றும் தெரியும்: வாய்க்காலில் கலங்கலாக ஓடும் தண்ணீரை எடுத்துக் கலந்தால் மருந்து சரியாக வேலை செய்யாது. நீரில் மிதக்கும் களிமண் துகள்கள் பாராகுவாட்டை இறுகப் பிடித்துக்கொள்வதே அதற்குக் காரணம். மண்ணில் விழுந்த மருந்து அடுத்த பயிரைத் தாக்காததும் இதனால்தான். களிமண்ணின் இந்தக் குணத்தை மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த வேதிப்பொருள் 1882-லேயே அறியப்பட்டது. 1930-களில் ஆய்வகங்களில் இதை ஒரு சாயம் போலப் பயன்படுத்தினார்கள். எலக்ட்ரான் ஏறினால் நீலமாக மாறும். களையைக் கொல்லும் திறனை 1955-இல் இங்கிலாந்தின் ஜீலட்ஸ் ஹில் ஆய்வு நிலையத்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். 1962-இல் விற்பனைக்கு வந்தது.

நுரையீரல் தானே இழுத்துக்கொள்கிறது

விற்பனைக்கு வந்த நான்கே ஆண்டுகளில், 1966-இல், தவறுதலாக இந்த மருந்து உள்ளே போன இருவரின் நிலை பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்தடுத்து வந்த பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. மருந்து போனது வாய் வழியாக. கடைசியில் கெட்டது நுரையீரல். வயிற்றுக்குள் போன ஒன்று ஏன் மூச்சை நிறுத்த வேண்டும்?

விடை 1974-இல் நேச்சர் இதழில் வந்தது. ரோஸ், ஸ்மித், வயாட் என்ற மூன்று ஆய்வாளர்கள், இந்த மருந்தைக் கண்டுபிடித்த அதே நிறுவனத்தின் நச்சியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். எலியின் நுரையீரலை மெல்லிய துண்டுகளாக வெட்டி, பாராகுவாட் கலந்த கரைசலில் போட்டார்கள். சாதாரணமாக ஒரு பொருள் ஊறி உள்ளே போனால், வெளியே உள்ள அளவுக்கு உள்ளே வந்ததும் நின்றுவிடும். இங்கே நிற்கவில்லை. வெளியே இருந்ததைவிடப் பல மடங்கு உள்ளே சேர்ந்தது. செல்லின் சக்தி உற்பத்தியை நிறுத்தினால் சேருவதும் நின்றது. அதாவது மருந்து ஊறி உள்ளே போகவில்லை, நுரையீரல் மோட்டார் போட்டது போல அதை உள்ளே இழுத்திருக்கிறது.

நுரையீரல் ஏன் விஷத்தை இழுக்கிறது? அடுத்த பத்து ஆண்டு ஆய்வுகளில் அதுவும் தெரிந்தது. புட்ரசின், ஸ்பெர்மிடின் என்று உடலுக்குத் தேவையான சில பொருள்கள் உண்டு. அவற்றின் மூலக்கூறில் நேர்மின்னேற்றம் கொண்ட நைட்ரஜன்கள் குறிப்பிட்ட இடைவெளியில் அமைந்திருக்கும். நுரையீரல் படலச் செல்களில் இவற்றை உள்ளே எடுக்கவென்றே ஒரு வழி இருக்கிறது. பாராகுவாட்டிலும் நேர்மின்னேற்றம் கொண்ட இரண்டு நைட்ரஜன்கள் ஏறத்தாழ அதே இடைவெளியில் இருக்கின்றன. கள்ளச்சாவி பூட்டில் பொருந்திவிட்டது.

இதற்குச் சான்றாக ஓர் ஒப்பீடும் இருக்கிறது. டைகுவாட் என்ற களைக்கொல்லி பாராகுவாட்டுக்குத் தம்பி மாதிரி. இலையைக் கருக்கும் முறை அதே முறைதான். ஆனால் அதன் இரண்டு நைட்ரஜன்களும் நெருக்கமாக அமைந்திருப்பதால் அந்தச் சாவி இந்தப் பூட்டில் பொருந்தவில்லை. டைகுவாட்டும் கொடிய விஷம்தான், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் பாராகுவாட் செய்வது போல நுரையீரலைத் தழும்பாக்குவது அரிது. நுரையீரல் இழுத்துக்கொள்வதுதான் வினைக்குக் காரணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இதன் விளைவு என்ன தெரியுமா? ரத்தத்தில் கலந்த பாராகுவாட்டை முதல் நாளிலிருந்தே சிறுநீரகம் வெளியேற்றத் தொடங்கிவிடும். ரத்தத்தில் அளவு இறங்கிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் நுரையீரலில் அளவு ஏறிக்கொண்டிருக்கும்.

ஒன்றே முக்கால் சென்ட் படலம்

நம் நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள் உள்ளன. எல்லாவற்றையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் பரப்பு வரும். நம் கணக்கில் ஒன்றே முக்கால் சென்ட் நிலம். காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையே உள்ள தடுப்பு, தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அவ்வளவு மெல்லியதாக இருந்தால்தான் ஆக்சிஜன் கடக்க முடியும்.

இந்தப் பரப்பைத் தட்டையான ஒரு வகைச் செல் மூடியிருக்கிறது. இடையிடையே உருண்டையான இன்னொரு வகைச் செல். அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வழுவழுப்பான ஒரு திரவத்தைச் சுரப்பது அதன் வேலை. அடிபட்ட இடத்தில் புதிய செல்களை உண்டாக்குவதும் அதுவே. பாராகுவாட்டை இழுக்கும் வழி இந்த இரண்டு வகைச் செல்களிலும் இருக்கிறது. வீட்டுச் சுவரும் இடிகிறது, கொத்தனாரும் அடிபடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் இலையில் நடந்த வேலை தொடங்குகிறது. இலையில் எலக்ட்ரான் சூரிய ஒளியிலிருந்து வந்தது. இங்கே செல் தன் தேவைக்காகச் சேர்த்து வைத்த இருப்பிலிருந்து வருகிறது. வாங்கிய எலக்ட்ரானைக் கொடுக்க ஆக்சிஜன் வேண்டும். உடலிலேயே ஆக்சிஜன் நிறைந்த இடம் நுரையீரல். சுழற்சி நிற்காமல் ஓடுகிறது. சவ்வுகள் கிழிந்து படலச் செல்கள் வீங்கிச் சாகின்றன. செல் போன இடைவெளி வழியாக ரத்த நீர் காற்றறைக்குள் கசிகிறது. புண்பட்ட இடத்துக்கு வெள்ளை அணுக்கள் படையாக வந்து, அவையும் தம் பங்குக்குக் காரமான பொருள்களைக் கொட்டுகின்றன. மருத்துவர்கள் அழற்சி என்று சொல்வது இதைத்தான். பிறகு உடல் அந்த இடத்தைப் பூசி மெழுகப் பார்க்கிறது. நார்த்திசு வளர்ந்து படலம் தடித்துத் தழும்பாகிறது. தழும்பு வழியாக ஆக்சிஜன் கடக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் பலர் சண்டை போடும் ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். "மூச்சு வாங்குகிறது, இன்னும் ஆக்சிஜன் வைக்கவில்லை" என்று உறவினர்கள் கோபப்படுவது இயல்பு. மற்ற எந்த நோய்க்கும் அது நியாயமான கேள்வி. பாராகுவாட் விஷத்தில் ஆக்சிஜன் கூடினால் சுழற்சியும் வேகமாகும். பாராகுவாட் கொடுக்கப்பட்ட எலிகளை ஆக்சிஜன் மிகுந்த காற்றில் வைத்தபோது அவை சீக்கிரம் இறந்ததை 1970-களிலேயே பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் இறங்கி வேறு வழியில்லை என்ற கட்டம் வரை மருத்துவர்கள் காத்திருப்பது அலட்சியத்தால் அல்ல.

அழற்சிதான் பிரச்சினை என்றால் அதை அடக்கும் மருந்தைக் கொடுக்கலாமே என்று தோன்றும். பல நாடுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். இலங்கை மருத்துவமனைகளில் முறையாக நடத்தப்பட்ட ஒரு பெரிய சோதனையின் முடிவு 2018-இல் வெளியானது. வீரியமான அழற்சி அடக்கும் மருந்துகளை அதிக அளவில் கொடுத்தும் உயிர் பிழைப்போர் எண்ணிக்கை கூடவில்லை. இன்றுவரை இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது.

'நன்றாகத்தானே இருக்கிறார்'

இந்த விஷத்தின் ஏமாற்று வேலை காலக்கணக்கில் இருக்கிறது. பூச்சி மருந்துகளில் பலவும் சில மணி நேரத்திலேயே வியர்வை, எச்சில், வலிப்பு என்று அடையாளம் காட்டிவிடும். இது அப்படியல்ல. பெரிய அளவில் உள்ளே போனால் ஓரிரு நாளில் எல்லா உறுப்புகளும் பாதிக்கப்படும். அதைவிடக் குறைந்த அளவு என்றால் முதல் நாள் வாந்தி, வாய் தொண்டை எரிச்சல். இரண்டாம் மூன்றாம் நாளில் நாக்கில் புண், சிறுநீர் குறைதல். அதற்குப் பிறகு ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுவார். கஞ்சி குடிப்பார். "நன்றாகத்தானே இருக்கிறார், எதற்குச் செலவு" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து, சில சமயம் மூன்று வாரம் கழித்து, மூச்சுத் திணறல் தொடங்கும். அவர் நன்றாக இருந்த நாள்களில்தான் உள்ளே தழும்பு வளர்ந்துகொண்டிருந்தது.

எனவே அறிகுறி வரட்டும், பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு வாய் கொப்பளித்துத் துப்பியிருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். கேனை, குறைந்தபட்சம் அதன் லேபிளை, கையோடு எடுத்துச் செல்லுங்கள். 'களை மருந்து' என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. பாராகுவாட் என்ற பெயரைச் சொல்ல வேண்டும். சிறுநீரில் ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால் பாராகுவாட் இருந்தால் நீலமாகும். ஆய்வகங்களில் பழைய காலத்தில் பார்த்த அதே நீலம்தான். எளிய சோதனை, சில நிமிடங்களில் முடியும்.

உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இது தொண்டையையும் உணவுக்குழாயையும் ஏற்கெனவே புண்ணாக்கியிருக்கும் மருந்து. மேலே வரும்போது இன்னொரு முறை புண்ணாக்கும். மருத்துவமனையில் கரித்தூளோ, முல்தானி மட்டி வகைக் களிமண்ணோ கரைத்துக் கொடுப்பார்கள். கலங்கல் தண்ணீரில் மருந்து வேலை செய்யாமல் போகும் அதே காரணம்தான் இங்கே உதவிக்கு வருகிறது. களிமண் வயிற்றிலேயே பாராகுவாட்டைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ரத்தத்துக்குப் போவதற்கு முன்னால் பிடித்தால்தான் பயன். ஆகவே பாதி மணி நேரம் முந்தினாலும் அது லாபம்.

முகமூடி மட்டும் போதுமா?

பயிற்சிக் கூட்டங்களில் "நுரையீரல்தான் பாதிக்கும் என்கிறீர்கள், அப்படியானால் மூக்கைக் கட்டிக்கொண்டால் போதுமே" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் வழி அதுவல்ல. கைத்தெளிப்பானிலிருந்து வரும் துளிகள் பெரியவை. நுரையீரலின் கடைசி அறை வரை அவை போவதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் படிந்துவிடும். மருந்து அடித்த அன்று மூக்கில் ரத்தம் வருவது அதனால்தான். (பனிபோலப் பொழியும் விசைத்தெளிப்பானில் துளி மிக நுண்ணியதாக இருக்கும். அதில் இந்த மருந்தை ஊற்றவே கூடாது.)

கவனிக்க வேண்டிய வழி தோல். காயமில்லாத, உலர்ந்த தோல் வழியாகப் பாராகுவாட் மிகக் குறைவாகவே உள்ளே போகும். இதைக் கேட்டு நிம்மதி அடைய வேண்டாம். வெகுநேரம் தோலில் ஊறினால் இந்த மருந்தே தோலைப் புண்ணாக்கும். புண்ணான தோல் கதவு திறந்தது போல. தோல் வழியாகவே சென்று உயிரைப் பறித்த நிகழ்வுகளைப் பாப்புவா நியூ கினி மருத்துவர் ஒருவர் 1982-இல் பதிவு செய்திருக்கிறார்.

இப்போது நம் ஊரில் மருந்து அடிப்பவரை நினைத்துப் பாருங்கள். டேங்க் மூடியின் வாஷர் தேய்ந்திருக்கும். முதுகில் சொட்டுச் சொட்டாக வழியும். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியபடி நான்கு மணி நேரம் நடப்பார். கைலியை மடித்துக் கட்டியிருப்பதால் கால் முழுவதும் திறந்திருக்கும். அடித்த புல்லில் நடந்து நடந்து, முள் கீறிய காலில் மருந்து படும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவார். ஒரு நாளைக்கு ஐந்து தோட்டம் கூலிக்கு அடிப்பவருக்கு இது தினசரி வேலை. தோட்டக்காரர் மாதத்தில் ஒரு நாள் நனைகிறார், இவர் தினமும் நனைகிறார். இந்த மருந்தைப் பற்றி யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று வேளாண் விரிவாக்க அலுவலர்கள் கேட்டால், நிலத்தின் உரிமையாளரைவிடக் கூலிக்கு அடிப்பவரிடம் என்பேன். அவர் பெயர் எந்தப் பயிற்சிப் பதிவேட்டிலும் பெரும்பாலும் இருப்பதில்லை.

அவர் கை நகங்களைப் பாருங்கள். கலக்காத மருந்தைக் கையாள்பவர்களின் நகத்தில் வெள்ளைப் பட்டை விழுவதும், நகம் கழன்று விழுவதும் 1969-லேயே மருத்துவ இதழில் பதிவானவை. வெள்ளைப் பட்டை தெரிந்தால் கையுறை இல்லாமல் மூடியைத் திறந்து அளக்கிறார் என்று பொருள். கேனில் இருக்கும் மருந்து, டேங்கில் கலந்ததைவிடப் பல மடங்கு வீரியமானது. ஆபத்தான நிமிடங்கள் அளந்து ஊற்றும் அந்த இரண்டு மூன்று நிமிடங்களே.

வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டால் என்ன ஆகும்? இங்கே ஆய்வு முடிவுகள் அவ்வளவு திட்டவட்டமாக இல்லை. தென்னாப்பிரிக்காவின் பழத்தோட்டத் தொழிலாளர்கள் 126 பேரை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரையில், சாதாரண ஊதல் சோதனையில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் நீண்ட காலம் மருந்தோடு பழகியவர்களுக்கு, உடற்பயிற்சி செய்யவைத்தபோது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியது. கோஸ்டாரிகாவில் வாழை, காபி, பாமாயில் தோட்டங்களில் 338 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வந்தது. அதிலும் நுரையீரல் தழும்பு என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் இல்லை. அதிகம் பயன்படுத்தியவர்களிடம் நாள்பட்ட இருமலும் மூச்சிரைப்பும், வேலை செய்யும்போது மூச்சு வாங்குவதில் சிறு மாற்றங்களும் தெரிந்தன. ஓட வைத்தால்தான் தெரியும் குறை என்றால், உட்கார வைத்து ஊதச் சொல்லும் சோதனையில் 'நார்மல்' என்று வருவதை நம்பி இருந்துவிட முடியாது என்பது என் கருத்து. மருந்து அடிக்கும் வேலையில் இருப்பவருக்கு வரப்பில் ஏறினாலே இரைக்கிறது என்றால், மருத்துவரிடம் தன் தொழிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் தன் வகைப்பாட்டில் பாராகுவாட்டை 'மிதமான அபாயம்' என்ற இரண்டாம் வகுப்பில் வைத்திருக்கிறது. கூடவே, உள்ளே போனால் தாமதமாகக் கடும் விளைவுகள் உண்டு என்ற குறிப்பையும் சேர்த்திருக்கிறது. வகுப்பு என்பது எலிக்குக் கொடுத்துப் பார்த்த அளவை வைத்துப் போடப்படுவது. முறிவு மருந்து உண்டா இல்லையா என்று அது சொல்வதில்லை. கேனில் உள்ள முக்கோணத்தின் நிறமும் அப்படித்தான். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அடித்தே ஆக வேண்டும் என்றால்

தெளிப்பானில் முதலில் வெறும் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிப் பாருங்கள். எங்காவது ஒழுகினால் அன்று மருந்து அடிக்காதீர்கள். வாஷரின் விலை சில ரூபாய்தான். ரப்பர் கையுறை, முழங்கால் வரை வரும் பூட்ஸ், கண்ணாடி, முதுகில் டேங்குக்கும் சட்டைக்கும் இடையே தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, இவ்வளவும் வேண்டும். உரச்சாக்கின் உள்ளுறையை வெட்டிக் கட்டிக்கொண்டாலும் போதும். காலில் கையில் வெட்டுக்காயமோ, சிரங்கோ இருப்பவர் அன்று அடிக்கக் கூடாது. கட்டுப் போட்டிருந்தாலும் கூடாது. கட்டு மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நாசிலைக் குத்த மெல்லிய பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சிந்திவிட்டால் வரிசையை முடித்துவிட்டு வருகிறேன் என்று இருக்காதீர்கள். அந்த இடத்திலேயே உடையைக் கழற்றி, சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அதே 15 நிமிடம், பிறகு கண் மருத்துவர். அந்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம்.

மிச்சமான மருந்தைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். தாகத்தில் கை நீட்டுபவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. மருந்து வீட்டுக்குள் இருக்கவே வேண்டாம், பூட்டிய மோட்டார் அறையில் இருக்கட்டும். மனம் நொந்திருக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் இது இன்னும் முக்கியம். அவரோடு பேசுங்கள், 104 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

இந்த மருந்து தேவைதானா?

அண்டை நாடான இலங்கை 2008-இல் தொடங்கிப் படிப்படியாகப் பாராகுவாட்டையும், டைமெத்தோயேட், ஃபென்தியான் என்ற இரண்டு பூச்சிக்கொல்லிகளையும் விலக்கியது. 2011-க்கும் 2015-க்கும் இடையில் அங்கே வேளாண் மருந்துகளால் நேர்ந்த தற்கொலைச் சாவுகளின் விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததை பிளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வு காட்டியது. விளைச்சல் தொடர்ந்து சரிந்ததாகவும் தெரியவில்லை. கேரளம் 2011-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007-இல் நீதிமன்றத் தீர்ப்பால் அனுமதி ரத்தானது. பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் தமிழ்ப் பெண்கள் பல்லாண்டு முதுகில் டேங்க் சுமந்து இதைத் தெளித்த மலேசியாவில் 2020 தொடக்கத்திலிருந்து தடை. அங்கேயெல்லாம் விவசாயம் நின்றுவிடவில்லை.

களையியல் கண்ணோட்டத்தில் பார்த்தாலும் இதன் பலன் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பட்ட இலையை மட்டும்தான் இது கருக்கும், வேருக்குப் போகாது. கோரைக்கும் அருகுக்கும் இது முடி வெட்டியது போலத்தான். இரண்டு மூன்று வாரத்தில் கிழங்கிலிருந்தும் கணுவிலிருந்தும் மீண்டும் துளிர்க்கும். மறுபடியும் ஒரு கேன். ஆண்டுக்கு எத்தனை முறை வாங்கினீர்கள் என்று ஒரு முறை எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

தென்னைக்கு இது வேண்டவே வேண்டாம் என்பேன். மரத்தைச் சுற்றி ஆறடி ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்து, பாத்திக்கு 50 கிராம் வீதம் சணப்பையோ கொழுஞ்சியோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கிவிட்டால் களையும் அடங்கும், தழைச்சத்தும் சேரும். மற்ற நேரத்தில் காய்ந்த மட்டையையும் உரிமட்டையையும் பாத்தியில் பரப்பினால் புல்லுக்கு வெளிச்சம் போகாது. வரிசைகளுக்கு இடையே புல் வளர்ந்தால் பிரஷ் கட்டர் போதும். வெட்டிய புல் அங்கேயே மூடாக்கு ஆகும், அல்லது மாட்டுக்குத் தீவனம். மருந்து அடித்த புல்லை மாட்டுக்குப் போட முடியாது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

பருத்தி, மக்காச்சோளம் போன்ற வரிசைப் பயிர்களில் இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக விட்டு நட்டால் பவர் வீடரை ஓட்டலாம். வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டா, வாடகைக்குக் கிடைக்குமா என்று உங்கள் வட்டார அலுவலகத்தில் கேளுங்கள். உழவர் உற்பத்தியாளர் குழுவில் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் பருவம் முழுவதும் சுற்றும். கோரை அதிகமுள்ள நிலத்தைக் கோடையில் இரண்டு முறை உழுது கிழங்கை வெயிலில் காயவிடுவதற்கு இணையான மருந்து பாராகுவாட் அல்ல. வரப்புக்கு அரிவாள்தான், அதற்கு நேரமும் ஆளும் தேவை என்பதை மறுக்கவில்லை. வரப்பில் தட்டைப்பயறையோ துவரையையோ ஊன்றினால் புல்லின் ஆட்டம் ஓரளவு குறையும்.

வீட்டில் ஏற்கெனவே அரைக் கேன், கால் கேன் மிச்சம் இருக்கும். அதைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம். லேபிளோடு, மூடியை இறுக்கி, பூட்டி வைத்துவிட்டு, வாங்கிய கடையிலும் வேளாண் விரிவாக்க மையத்திலும் திரும்பக் கொடுக்க வழி உண்டா என்று கேளுங்கள். காலிக் கேனை மூன்று முறை அலசி, அலசிய நீரை டேங்கிலேயே ஊற்றி, கேனின் அடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போட்ட கேனில் யாரும் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள்.